மூன்றாவது கிண்ணம்

செப்டம்பர் 9 — குட்டிகள் 140, மெலிந்தவை 31
செப்டம்பர் 11 — குட்டிகள் 140, மெலிந்தவை 46

உல்ஜான் தராசு முள்ளைப் பார்க்கிறார். உதடு அசைவதில்லை. பையிலிருந்து ஓர் அவரை விதையை எடுத்து ஐந்து தேநீர்க் கிண்ணங்களில் ஒன்றில் போடுகிறார். ஆட்டை வாய்விட்டு எண்ணினால் கண்படும் என்பது எங்கள் நாரின் மலைக்காரர்களின் பயம். ஊரின் கால்நடை உதவியாளரான அவர் இருபது வருடமாக இப்படித்தான் எண்ணுகிறார்.

முதல் கிண்ணம் பதினைந்து கிலோ முதல் இருபது வரை. மற்றவை ஐந்தைந்தாக ஏறி நாற்பதில் முடியும். ஏன் ஐந்து கிண்ணம் என்று கேட்டேன். "ஒண்ணு வச்சா குவியல்தான் தெரியும், இருபது வச்சா கிண்ணம்தான் தெரியும்" என்றார். சரியாக எல்லையில் நிற்கும் குட்டி மேல் கிண்ணத்துக்கு. அதில் பேச்சே கிடையாது.

இந்தக் கோடையில் புல் கருகிவிட்டது. முதல் இரண்டு கிண்ணங்களின் எடை வகுப்பில் வரும் குட்டிகள் மெலிந்தவை. அவை மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால்தான் மாவட்டம் குளிர்காலத் தீவனம் தரும். நாற்பத்தேழு வேண்டும். ஒன்பதாம் தேதி முப்பத்தொன்றே வந்தது.

உல்ஜான் கிண்ணங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணாவது மட்டும் நிறைமாசமா இருக்கே" என்றவர், மேய்ப்பர் கல்முராத்தின் பக்கம் திரும்பினார். "அண்ணே, உப்பு நக்க வச்சுத் தண்ணி காட்டினீங்களா?"

எல்லோருமே காட்டியிருந்தோம்; வயிறு முட்டத் தண்ணீர் குடித்தால் எடை கூடும். எலும்பு தெரியும் குட்டியோடு வரிசையில் நிற்பது இங்கே மானக்கேடு. ஊராட்சிப் பதிவேடு எழுதும் நானும் என் நான்கு குட்டிகளுக்கு உப்பு வைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

பதினொன்றாம் தேதி காலை, தண்ணீர் காட்டுமுன் மறுபடி எடை. கல்முராத்தின் குட்டிதான் கடைசி. அதுவரை மெலிந்தவை நாற்பத்தாறு. முள் சரியாக இருபத்தைந்தில் நின்றது.

"கீழ போடும்மா. ஒரு அவரைல என்ன வந்துடப்போகுது?"

"முந்தாநாள் மேல தள்ள உப்பு வச்சீங்க. இன்னிக்குக் கீழ தள்ளச் சொல்றீங்க. குட்டி நின்ன எடத்துலதாண்ணே நிக்குது."

விதை மூன்றாவது கிண்ணத்தில் விழுந்தது. கல்முராத் அதன்பின் அவரோடு பேசவில்லை.

மாவட்டத்துக்கு அனுப்பிய அட்டவணையின் அடியில் உல்ஜான் ஒரு வரி சேர்த்தார்: 'சரியாக இருபத்தைந்து: ஒன்று. என் வழக்கப்படி மேல் வகுப்பில் வைத்துள்ளேன்.' பதில் வரும்வரை கிண்ணங்களைக் கவிழ்க்கவில்லை. அவர் வீட்டில் தகரக் குவளையில் தேநீர் குடித்தார்கள்.

முதல் கடிதம் அட்டவணை கிடைத்ததென்றது. இரண்டாவது, அந்த ஒரு குட்டி யாருடையது என்று கேட்டது. கடைசிக் கடிதத்தில் இரண்டே வரி: 'எங்கள் படிவத்தில் எல்லை எடை கீழ் வகுப்பைச் சேரும். தீவனம் அனுமதிக்கப்பட்டது.'

உல்ஜான் அதை இரண்டு முறை படித்தார். மூன்றாவது கிண்ணத்திலிருந்து ஒரு விதையை எடுத்து இரண்டாவதில் வைத்தார். அன்று அக்டோபர் 6.