ஒன்பதாம் கேள்வி: வீட்டில் கதிரை உண்டா?

ஏழைகளுக்கு உதவி கொடுப்பது ஓர் உத்தியோகம், அந்த உதவியால் அவர்களுக்கு ஏதாவது பிரயோசனம் உண்டா என்று வீடு வீடாகப் போய் விசாரிப்பது இன்னோர் உத்தியோகம். முதலாவதில் கும்பிடு கிடைக்கும், இரண்டாவதில் தேத்தண்ணி கிடைக்கும். நான் இரண்டாவதில் குப்பை கொட்டியவன். அரசாங்கப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும், நிரப்பச் சொல்லி மற்றவர்களின் கழுத்தை அறுத்தவர்களும் உங்களில் இருப்பீர்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். எனக்கு இப்போதெல்லாம் வருவதில்லை.

மந்திர உபதேசம்

கொட்டகலைக் கடைவீதியில் வாப்பாவுக்குத் துணிக்கடை. சுற்றுவட்டாரத் தோட்டத்துச் சனங்கள் தீபாவளிக்கு எங்களிடம்தான் சேலை எடுப்பார்கள், என்னை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவார்கள். அதனால் எனக்குத் தோட்டத்துத் தமிழ் வரும், சிங்களம் வரும், பள்ளிக்கூட இங்கிலீஷும் கொஞ்சம் வரும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசப் பால்மா கொடுக்கத் தொடங்கி ஆறு மாதம் ஆனபோது, அது நல்லது செய்கிறதா, எந்தக் குடும்பத்துக்கு இன்னும் தேவை, எதற்குத் தேவையில்லை என்று பார்த்து எழுத ஆள் தேடினார்கள். தற்காலிக வேலைதான். ஒழுங்காகச் செய்தால் நிரந்தரமாக்குவோம் என்றார்கள். துணியை முழம் போட்டே ஆயுளைக் கழிக்க விரும்பாத எனக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

நுவரெலியாக் கந்தோரில் எங்கள் மேலதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். கை சுத்தமான மனுஷன். கந்தோர்ப் பென்சிலால் சொந்தக் கடிதம்கூட எழுதமாட்டார். ஆனால் தோட்டத்துச் சனங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குள் ஒரு நாளும் காலடி வைத்தவரல்ல. பன்னிரண்டு கேள்விகள் அச்சிட்ட படிவக் கட்டை என் கையில் கொடுத்து, முதல் நாளே ஒரு மந்திரமும் சொல்லித் தந்தார்.

"தம்பி, அவையள் சொல்லுறதை எழுதாதையும். உம்மடை கண்ணாலை காணுறதை மட்டும் எழுதும்."

இலவசம்

எனக்குக் கிடைத்தது வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டம். அங்கே வாரம் ஒரு நாள் காலை பத்து மணிக்குப் பிள்ளைக்காம்பராவில் பால்மா கொடுப்பார்கள். தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. பத்து மணிக்குத் தாய்மார் எங்கே இருப்பார்கள்? மலை உச்சியில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். இறங்கி வந்து வாங்கிக்கொண்டு திரும்ப ஏறினால் அன்றைக்கு அரைப்பேர்தான் விழும், அதாவது அரை நாள் சம்பளம். பிள்ளைக்காம்பரா ஆயாவிடமே கொடுத்துவிடக் கூடாதா என்று கேட்டேன். தாயின் கைநாட்டு வேண்டுமாம்.

காத்தாயியை முதலில் பார்த்தது அங்கேதான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். ரோட்டு வேலையில் மண் சரிந்து புருஷன் செத்து ஒரு வருஷமாகியிருந்தது. முதுகில் கூடையோடு மூச்சு வாங்க ஓடி வந்தாள். மகன் சின்னராசுவுக்கு இரண்டு வயதாகியும் நிற்க வரவில்லை. பால் கொடுத்தால் தேறுவான் என்று தோட்டத்து மருந்துக்காரர் சொல்லியிருந்தார். அதற்காக ஆறு மாதமும் ஒரு வாரம் தவறாமல் ஓடி வந்திருக்கிறாள். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறான் என்று சொல்லும்போது அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. நான் மூன்றாம் கேள்வியைக் கேட்டேன்: உதவி இலவசமாகக் கிடைக்கிறதா?

"இலவசந்தாங்க நானா. அரப்பேரு போகும், அவ்வளவுதான்."

மூங்கில் குழாய்

இரண்டாம் கேள்வி, குடும்பத் தலைவர் இந்நாட்டுப் பிரஜையா என்பது. பிள்ளையின் பாலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லித் தோட்டத்துச் சனங்களில் பலருக்குப் பிரஜாவுரிமை கொடுக்கவில்லை, அதனால் அதைக் கேட்கும்போது மட்டும் என் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். காத்தாயியின் லயத்திலேயே நான்காம் காம்பராவில், அதாவது நான்காம் அறையில், இருந்த வேலு என்கிற பெரியவர், கேள்விக்குப் பதில் சொல்லாமல் கூரையில் செருகியிருந்த மூங்கில் குழாயை உருவினார். எலி கடிக்காமலிருக்கக் கடுதாசிகளை இப்படிச் சுருட்டி வைப்பார்கள். பிறப்புத் துண்டு, அம்மை குத்திய சீட்டு, தகப்பன் செத்த துண்டு எல்லாவற்றையும் என் முன்னால் பரப்பினார். ஒன்றை மட்டும் தனியாகத் துணியில் சுற்றி வைத்திருந்தார். பிரித்துப் பார்த்தேன். பிரஜாவுரிமை கேட்டு அவர் போட்ட விண்ணப்பத்தை நிராகரித்து வந்த கடிதம் அது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. எல்லாக் கடுதாசியிலும் பெரிய முத்திரை அதில்தான் இருந்தது, அதனால் அதற்கு மட்டும் துணி. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்:

"அதுதானுங்களே நானா, நான் இந்த ஊர்க்காரன்னு சொல்ற கடுதாசி?"

வீணாகாத பால்

லயங்களில் எனக்குக் கிடைத்ததெல்லாம் பாலும் சீனியும் சேராத வெறும் சாயத் தேத்தண்ணி. உள்ளங்கையில் கொஞ்சம் சீனியைக் கொட்டுவார்கள். அதை நக்கிக்கொண்டு குடிக்க வேண்டும். பால் விட்ட தேத்தண்ணி அந்தத் தோட்டத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் கிடைத்தது. தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கும் பெரிய கங்காணியின் தனி வீட்டில். அவருடைய கடைசிப் பிள்ளைக்கே பதினாறு வயது. அரைப்பேர் போய்விடும் என்று வராமல் நின்ற தாய்மாரின் பால்மாவெல்லாம் எங்கே போகிறது என்று எனக்குள் இருந்த கேள்விக்கு, டம்ளரைக் கையில் வாங்கியதும் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் கங்காணி ஏழைக் குடும்பம் அல்ல. அவர் வீட்டுக்குப் படிவம் கிடையாது. கண்ணால் கண்டதை எழுத இடமில்லாத ஒரே வீடு அதுதான். அவர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்:

"குடிங்க தம்பி. கவருமெண்டுப் பாலு, வீணாப் போகக் கூடாது பாருங்க."

சூடான கதிரை

இனி ஒன்பதாம் கேள்விக்கு வருகிறேன். வீட்டில் கதிரை உண்டா? கதிரை, அதாவது நாற்காலி, உள்ள வீடு கொஞ்சம் வசதியான வீடு என்று எங்கேயோ யாரோ முடிவு கட்டியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வீட்டிலிருக்கும் நாளாகப் பார்த்துக் காத்தாயியின் லயத்துக்குப் போனேன். ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு காம்பராக்கள். காம்பராவுக்கு ஒரு குடும்பம். முதல் காம்பராவில் ஒரு கதிரை போட்டு உட்கார வைத்தார்கள். ஃபெக்டரியில் கழித்துப் போட்டது. இடது கை உடைந்திருந்தது. கட்டையான ஒரு காலுக்குத் தகர மூடி வைத்து ஆணி அடித்திருந்தார்கள். எழுதி முடித்து இரண்டாம் காம்பராவுக்குப் போனால், "செத்த இருங்க நானா" என்று வாசல் திண்ணையான இஸ்தோப்பிலேயே நிறுத்திவிட்டார்கள். கொல்லைப்பக்கம் எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. உள்ளே கூப்பிட்டார்கள். அங்கேயும் ஒரு கதிரை. இடது கை உடைந்தது. உட்கார்ந்தேன். சூடாக இருந்தது. என் சூடுதான்.

மூன்றாம் காம்பராவிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. லயத்துக்கே ஒரு கதிரை. வீட்டுக்கு வந்த உத்தியோகத்தரைத் தரையில் உட்கார வைப்பது அவர்களுக்கு அவமானம். ஆகவே அந்தக் கதிரை எனக்கு முன்னால் கொல்லைப்பக்கமாக நடந்து போய், ஒவ்வொரு காம்பராவிலும் எனக்காகக் காத்திருந்தது. கூடவே விளிம்பு நசுங்கிய ஒரு பித்தளை டம்ளரும் வந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒன்பதாம் கேள்விக்கு நேரே பன்னிரண்டு தடவை "உண்டு" என்று எழுதினேன். பன்னிரண்டும் ஒரே கதிரை என்று ஒரு சொல் சேர்த்து எழுதியிருக்கலாம். என் கண்ணால் கண்டதை மட்டும் எழுதினால் நிரந்தரம் என்ற நினைப்பு கையைப் பிடித்துக்கொண்டது. பதினோராம் காம்பரா காத்தாயியுடையது. சின்னராசு அந்தக் கதிரைக் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று என்னைப் பார்த்தான். அவள் கதிரையை முந்தானையால் இன்னொரு தடவை துடைத்தாள்.

"நல்லா சாஞ்சு ஒக்காருங்க நானா, ஒடயாது. பெரிய பெரிய ஆளுங்கள்லாம் ஒக்காந்த நாக்காலி."

கடைக்கு வந்தவள்

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. அந்த லயத்துக் குடும்பங்கள் கதிரை முதலிய தளபாட வசதியோடு இருப்பதால் பால்மா இனித் தேவையில்லை. காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் வாசித்துச் சொன்னார்களாம். எனக்கு அது தெரியாது. ஒரு நாள் காத்தாயி வேலையை விட்டுவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பஸ் ஏறி வாப்பாவின் கடைக்கே வந்துவிட்டாள். வாப்பா சேலை எடுக்க வந்தவள் என்று நினைத்துத் துணியை விரிக்கத் தொடங்கினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எப்படியாவது திருத்துகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். திருத்தவும் பார்த்தேன். நடந்ததை விவரமாக எழுதி மேலதிகாரியிடம் நீட்டினேன். முன்னே எழுதியது பொய்யா, இப்போது எழுதியது பொய்யா என்று கேட்டார். முன்னே எழுதியது பொய்யென்றால் உத்தியோகம் போய்விடும். கடுதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்குக் கடையில் அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இவ்வளவு காலம் உறுத்தாது. ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்:

"அது எங்க நாக்காலி இல்லீங்க நானா. நீங்க ஒக்காரத்தானே கொண்டாந்தோம்."

முன்னுக்கு வந்த குடும்பம்

மறு வருஷம், பால்மா நிறுத்திய லயங்களில் குடும்பங்கள் எப்படி இருக்கின்றன, திரும்பக் கொடுக்க வேண்டுமா என்று பார்க்க என்னையே அனுப்பினார்கள். அப்போது நான் நிரந்தரமாகியிருந்தேன். அதே பன்னிரண்டு கேள்விகள்தான். ஆனால் லயம் பாடம் படித்திருந்தது. இந்தத் தடவை கதிரை காம்பராவுக்குக் காம்பரா நகரவில்லை. சாக்கை விரித்துத் தரையில் உட்கார வைத்தார்கள். பித்தளை டம்ளரைக் காணோம். பழைய பால்மா டின்னில் சாயம் வந்தது. அவரவர் சொந்தப் பானை சட்டியைக்கூட ஒளித்திருந்தார்கள். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. இந்தத் தடவையாவது பால் கிடைக்கும் என்று நினைத்தேன். பதினொரு வீட்டுக்குக் கதிரை இல்லை என்றும் ஒரு வீட்டுக்கு உண்டு என்றும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மேலதிகாரி போன வருஷக் கோப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். பன்னிரண்டு கதிரை ஒரே வருஷத்தில் ஒன்றாகிவிட்டது. மிச்சத்தை விற்றுக் குடித்துவிட்டார்கள் என்றும், இப்படிப்பட்டவர்களுக்குப் பால் கொடுத்தால் அதையும் விற்பார்கள் என்றும் தீர்ப்புச் சொன்னார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கேட்கவில்லை. பிறகு அந்த ஒற்றைக் கதிரையின் மேல் விரலை வைத்து, மனநிறைவோடு தலையாட்டினார்.

"கதிரையை விக்காமல் வைச்சிருக்குதே, இந்தக் குடும்பந்தான் எங்கடை திட்டத்தாலை முன்னுக்கு வந்த குடும்பம் எண்டு எழுதும்."

பதினோராம் காம்பரா

அந்தக் கதிரை எந்த வீட்டில் இருந்தது என்று நான் இன்னும் சொல்லவில்லை. பத்துக் காம்பராக்கள் முடித்துப் பதினோராவதற்குப் போனபோது காத்தாயி வாசலில் நின்றாள். உள்ளே அடுப்பு எரியவில்லை. பிள்ளையின் சத்தமும் இல்லை. முந்தின மழைக்காலத்தில் சின்னராசுவுக்கு வயிற்றோட்டம் கண்டு மூன்றே நாளில் முடிந்துவிட்டதாம். பால் இருந்திருந்தால் உடம்பு தாங்கியிருக்குமா என்று மருந்துக்காரரைப் பிறகு கேட்டேன். அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். படிவத்தின் பன்னிரண்டு கேள்விகளிலும் அந்தக் கேள்வி இல்லை. நான் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், அவள் கையிலிருந்த சாக்கை வாங்கி நானே விரித்து உட்காரப் போனேன்.

அவள் தடுத்தாள். விடுவிடுவென்று கொல்லைப்பக்கம் போனாள். விறகுக் கட்டுகளைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. பக்கத்துக் காம்பராப் பெண்கள் "அடியே, வேணாம்டி" என்று பதறினார்கள். எல்லோரும் பார்க்க, இடது கை உடைந்த அந்தக் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து என் முன்னால் போட்டு, முந்தானையால் துடைத்தாள்.

"அவங்க புள்ள வச்சிருக்காங்க நானா, ஒளிக்கிறாங்க. எனக்கு இனிமே ஒளிக்க என்ன இருக்கு? நீங்க ஒக்காருங்க."

அந்த லயத்தைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த இரண்டு அறிக்கைகளிலும், என் கண்ணால் காணாததை ஒரு வரிகூட நான் எழுதவில்லை.