பைக்குள்ள ஓடுன என் கிளாஸ்

சாயந்தரம் வாடிப்பட்டி பஸ்ல எனக்கு முன் சீட்ல, என்கிட்ட படிக்கிற காலேஜ் பொண்ணுங்க ரெண்டு பேரு. ஒருத்தி போன்ல என் மூஞ்சி! நான் பாடம் நடத்துற வீடியோ.

பூரிச்சுப் போயிட்டேன். யாரு எம்புட்டு நேரம் பார்த்தாங்கன்னு காட்டும்னு, காலேஜ் கமிட்டியில சண்டை போட்டு அந்த வீடியோ ஆப்பை வாங்க வச்சதே நான்தான்.

அவ சத்தத்தை அணைச்சுட்டுப் போனைப் பைக்குள்ள வச்சா.

"பாக்கலையாடி?"ன்னா பக்கத்துல இருந்தவ.

"முழுசா ஓடுனாத்தான் அட்டெண்டன்ஸ் விழும். அது பாட்டுக்கு ஓடட்டும். சமயநல்லூர் வந்தா எழுப்பு."

நான் முந்தானையால மூஞ்சியை மூடிக்கிட்டேன்.

இப்ப வீட்ல, 'மாணவர் கவனத்தை ஈர்ப்பது எப்படி'ன்னு எங்களுக்குக் கட்டாயப் பயிற்சி வீடியோ. அது ஹால்ல ஓடுது. நான் அடுப்படியில தோசை ஊத்திக்கிட்டிருக்கேன்.

வாத்தியார்மாரே, உங்க வீட்ல எது ஓடுது?