ஓமுக்கு, அன்புடன்

ஆக்லாந்தின் விரி என்ற பகுதியில் ரதிதேவி வேலை செய்யும் புத்தகக் கிடங்கில் சேதப் பெட்டி என்று ஒன்று உண்டு. கப்பலில் வரும்போது மூலை மடிந்தவை, அட்டை கிழிந்தவை, ஈரம் பட்டவை எல்லாம் அதற்குள் போகும். வெள்ளிக்கிழமை பிற்பகலில் வேலையாட்கள் விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம். மிச்சம் அரைக்கப் போய்விடும். பதினோரு வருடங்களில் ரதிதேவி அதற்குள் கையை விட்டது பெரும்பாலும் சமையல் புத்தகங்களுக்காக. அதுவும் படம் பார்க்க.

ஜோஸி பெல்வுட்டின் நாவலை எடுத்ததும் படத்துக்காகத்தான். அட்டையில் மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒருத்தி குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பின்னட்டையைக் காணோம். பெல்வுட் இங்கிலாந்துக்காரி. பெண்கள் விரும்பி வாசிக்கும் காதலும் சிரிப்புமான பகிடிக் கதைகள் இருபதுக்கு மேல் எழுதியவர். அவருடைய பெட்டிகள் மற்றவர்களுடையதைவிட வேகமாகக் கிடங்கை விட்டுப் போகும் என்பது ரதிதேவியின் கைகளுக்குத் தெரியும். கண்கள் அதுவரை ஒரு வரியும் வாசித்ததில்லை.

புத்தகம் கைப்பையிலேயே கிடந்தது. இது மூன்று வருடங்களுக்கு முன். அடுத்த செவ்வாய்க்கிழமை ரதிதேவியின் கணவர் குலசிங்கம் பஸ் டிப்போவில் மயங்கி விழுந்தார்.

குலசிங்கம் பதினாறு வருடம் பஸ் ஓட்டியவர். இந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள், பின்கதவால் இறங்கினாலும், "தாங்க்யூ, டிரைவர்" என்று ஒரு சத்தம் வைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளை, குடிகாரன், கைத்தடிக் கிழவி, எல்லாரும். வேலை முடிந்து வந்ததும் குலசிங்கம் சப்பாத்தைக் கழற்றியபடி சொல்வார்.

"இண்டைக்கும் ஒரு முந்நூறு தாங்க்யூ. வீட்டிலதான் ஒண்டும் இல்லை."

"வீட்டில பஸ்ஸோ ஓடுறீங்கள்?" என்பார் ரதிதேவி, தேத்தண்ணியை நீட்டிக்கொண்டு.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவருடைய வலது பக்கம் அசையவில்லை. பேச்சு அடியோடு போய்விட்டது. கண் மட்டும் ஆளைப் பின்தொடர்ந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், என்னவாவது கதைத்துக்கொண்டே இருங்கள், எது என்பது முக்கியமில்லை என்றாள். இருபத்தேழு வருடம் ஒன்றாக இருந்தவர்களுக்குள் கதைக்க இருந்ததெல்லாம் இரண்டு நாளில் முடிந்துபோயிற்று. மழை, வீட்டு மோட்கேஜ், டிப்போவிலிருந்து விசாரித்தவர்கள். மூன்றாம் நாள் ரதிதேவி கைப்பைக்குள் தேடி, பின்னட்டை இல்லாத புத்தகத்தை எடுத்தார்.

ஒரு வரி இங்கிலீஷில் வாசிப்பார். பிறகு அதைத் தமிழில் சொல்வார்.

"அந்தப் பெட்டை, முதலாளி வீட்டுக் குளியலறையில பூட்டுப்பட்டுப் போனாள். யன்னலால வெளிக்கிடப் பாக்கிறாள். அரைவாசி உள்ள, அரைவாசி வெளிய. அந்த நேரம் பாத்துப் பக்கத்து வீட்டுக்காரன் பூக்கண்டுக்குத் தண்ணி ஊத்த வாறான்."

முத்தங்கள் வந்த இடத்தில்தான் சிக்கல். பக்கத்துக் கட்டிலில் ஒரு சாமோவாத் தீவுப் பெரியவர் படுத்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது என்பது ரதிதேவிக்கு ஆறுதலாக இல்லை. "அவை கொஞ்ச நேரம் கதைச்சுக்கொண்டிருந்தவை" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். அந்தப் புத்தகத்தில் அவர்கள் நிறையக் கதைத்தார்கள்.

பதினேழாம் நாள் மாலை, யன்னல் காட்சியை மூன்றாந்தரம் வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடினார். போதுமா என்று, பதிலை எதிர்பாராமல் கேட்டார்.

"காணுமோ? இன்னும் வாசிக்கட்டோ?"

"ஓம்," என்றார் குலசிங்கம்.

ஒரே ஒரு சொல், தொண்டைக்குள் கிடந்து வந்தது. ரதிதேவி தாதியைக் கூப்பிட ஓடவில்லை. விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து வாசித்தார். தாதி வந்தபோது மூன்று பக்கம் தாண்டியிருந்தது.

பெல்வுட் ஆக்லாந்துக்கு வருகிறார் என்ற செய்தி இந்த மார்ச்சில் கிடங்குக்கு வந்தது. நகர மையத்துப் புத்தகக் கடை ஒன்றில், சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு, புதிய நாவலில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாராம். ரதிதேவி அன்றே பெயர் கொடுத்தார். அன்றிலிருந்து அவருக்கு அதே யோசனை. அந்த மனுசியிடம் இதைச் சொல்ல வேண்டும். ஒரு நிமிடம்தான் கிடைக்கும். எப்படிச் சொல்வது?

மதியச் சாப்பாட்டு மேசையில் கூட உட்காருகிறவள் கோயம்புத்தூர் அஸ்வினி. அலுவலகத்தில் கணினி வேலை. ஒருவருடைய தமிழ் மற்றவருக்குப் பகிடி.

"ரதிக்கா, நீங்க ஓம் ஓம்னு சொல்றப்ப ஏதோ பூஜை ரூம்ல நிக்கிற மாதிரியே இருக்கு."

"நீர் ஆமா ஆமா எண்டேக்க எனக்கு ஆமையைக் கூப்பிடுற மாதிரி இருக்கு."

ரதிதேவி எழுதி வைத்திருந்த தாளை நீட்டினார். அஸ்வினி வாசித்தாள். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழாக்கினால் இப்படி வரும்: 'மதிப்புக்குரிய அம்மையீர், தங்களது படைப்பு எனது கணவரின் உடல்நல மீட்சிக்குப் பெரிதும் துணைபுரிந்தது என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறேன்.'

"என்னக்கா இது, பேங்க்ல இருந்து வர்ற லெட்டர் மாதிரி! சும்மா தாங்க்யூன்னு சொல்லிட்டு வாங்க."

"அது பஸ்ஸால இறங்கேக்க சொல்லுற சொல்லு, அஸ்வினி. இவவுக்கும் அதேயோ?"

அஸ்வினி ரொட்டியை மென்றபடி யோசித்தாள். "தமிழ்ல என்ன சொல்லுவீங்க?"

"தமிழில நாங்கள் ஆருக்குச் சொன்னனாங்கள்? நன்றி எண்டுறது மேடையில மாலை போட்ட பிறகு சொல்லுறது."

வேறு வழியின்றி அந்தக் கடித வாக்கியத்தையே மனப்பாடம் செய்தார். பெட்டி அடுக்கும்போதும் குளிக்கும்போதும் சொல்லிப் பார்த்தார்.

சனிக்கிழமை, வீடு இருக்கும் பிளாட் புஷ்ஷிலிருந்து பஸ், பிறகு ரயில். கடைக்குள் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு பெண் வரிசையோடு நடந்து, யாருக்கு என்று கேட்டு, மஞ்சள் ஒட்டுச்சீட்டில் பெயர் எழுதி, ஒவ்வொரு புத்தகத்திலும் ஒட்டிக்கொண்டு வந்தாள். ரதிதேவிக்கு அவள் வந்தது தெரியவில்லை. 'தங்களது படைப்பு' என்ற இடத்தில் நாக்கு சிக்கியிருந்தது.

"உங்களுக்கா?" என்று அவள் இங்கிலீஷில் கேட்டாள்.

"ஓம்."

அவள் இரண்டே எழுத்து எழுதி ஒட்டிவிட்டு அடுத்தவரிடம் போனாள்.

பெல்வுட் புதிய புத்தகத்தின் பின்னட்டைப் படத்தில் இருந்ததைவிடக் குள்ளமாக, அறுபது தாண்டியவராக இருந்தார். மூக்குக்கண்ணாடியை உயர்த்திச் சீட்டைப் பார்த்தார்.

"ஓம்?" என்று கேட்டார்.

"ஓம்," என்றார் ரதிதேவி.

"அழகான பெயர்." பேனா ஓடியது.

புத்தகம் திரும்பி வந்தபோதுதான் ரதிதேவி பார்த்தார். 'ஓமுக்கு, அன்புடன், ஜோஸி.' மனப்பாடம் செய்த வாக்கியம் தலையைவிட்டு அப்படியே போய்விட்டது. பின்னால் நாற்பது பேர். ஒட்டுச்சீட்டுப் பெண் அடுத்த புத்தகத்துக்குக் கை நீட்டிவிட்டாள். முன்னுக்கும் போக முடியாமல் பின்னுக்கும் போக முடியாமல் நின்ற அந்த நேரத்தில் யன்னலில் அகப்பட்ட அந்தக் கதைப் பெட்டை ஞாபகத்துக்கு வந்தாள். ரதிதேவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், கூடியது.

"மன்னிக்க வேண்டும். அது என் பெயர் இல்லை. எங்கள் மொழியில் ஆமாம் என்பதற்கு அப்படித்தான் சொல்வோம்."

பெல்வுட் வாயைக் கையால் பொத்தினார். உடனே வேறு பிரதி ஒன்றை இழுத்தார். ரதிதேவி தன் புத்தகத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"வேண்டாம். இது என் கணவருடைய சொல்."

பிறகு தானாக வந்தது. இலக்கணம் எல்லாப் பக்கமும் சரிந்த இங்கிலீஷ். டிப்போ, கட்டில், பதினேழு நாள், பூட்டிய குளியலறை, யன்னல், இன்னும் வாசிக்கட்டோ, ஓம். படைப்பும் மீட்சியும் எங்கேயும் வரவில்லை.

"முத்தங்களை மட்டும் விட்டுவிட்டேன்," என்றார், அதையும் ஒப்புக்கொண்டுவிடவேண்டும் போல.

"விட்டுவிட்டு என்ன சொன்னீர்கள்?"

"கொஞ்ச நேரம் கதைத்துக்கொண்டிருந்தார்கள் என்று."

பெல்வுட் சிரித்த சிரிப்பில் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். சிரிப்புக்கா மற்றதற்கா என்று ரதிதேவியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அந்த யன்னல் காட்சியை வெட்டச் சொன்னார்கள் பதிப்பகத்தில், தெரியுமா? மலிவான பகிடி என்றார்கள். கிட்டத்தட்ட வெட்டிவிட்டேன்." ரதிதேவியின் கையைப் பிடித்தார். "தாங்க்யூ."

சொல்ல வந்தவர் ரதிதேவி. முந்திக்கொண்டது அந்த மனுசி.

"தாங்க்யூ," என்றார் ரதிதேவியும். அதே பஸ் சொல். அந்த இடத்தில் அது சிறிதாகத் தெரியவில்லை.

வீட்டில் குலசிங்கம் கண்ணாடிக் கதவுப் பக்கக் கதிரையில் இருந்தார். இப்போது அவருக்குச் சில சொற்கள் உண்டு. தேத்தண்ணி, இல்லை, ரதி, குளிர். ஒவ்வொன்றையும் தேடித்தான் எடுக்கவேண்டும். புத்தகத்தின் முதல் பக்கத்தை ரதிதேவி அவருடைய மடியில் விரித்தார். இடதுகை விரல் அந்த இரண்டு எழுத்தின் மேல் நின்றது. முழுக் கதையையும் சொல்லி முடித்தபோது அவருடைய முகத்தின் ஒரு பக்கம் சிரித்தது.

"பிழை," என்றார்.

"ஓமப்பா, பிழைதான். திருத்த விடேல்லை."

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். புதிய கதையில் ஒருத்தி தன் கல்யாணத்துக்குப் போகவேண்டிய ரயிலைவிட்டு வேறு ரயிலில் ஏறிவிடுகிறாள். ஒரு அத்தியாயம் முடிய நாற்பது நிமிடம் ஆயிற்று. ரதிதேவி தொண்டையைச் செருமிக்கொண்டு வழக்கம்போல் கேட்டார்.

"காணுமோ? இன்னும் வாசிக்கட்டோ?"

குலசிங்கத்தின் உதடு ஒரு சொல்லைத் தேடியது, விட்டது, திரும்பப் பிடித்தது.

"தாங்க்யூ," என்றார். மூச்சு எடுத்தார். "டிரைவர்."

ரதிதேவி கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஏன், இறங்கப் போறியளோ?"

"இல்லை," என்றார் குலசிங்கம்.

ரதிதேவி பக்கத்தைத் திருப்பினார்.