வர்த்தோயோ சொன்ன எண்ணெய்

எங்கள் மேடான் நகரில் பழைய காரை ஆசைக்கு வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்களில் வர்த்தோயோவைத் தெரியாதவர் கிடையாது. கார்புரேட்டரைத் திறப்பதற்கு முன்பே சத்தத்தை வைத்து அதன் நோயைச் சொல்லிவிடுவான். காற்றுத் திருகை முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து, இஞ்சினைக் கிளப்பிவிட்டுத் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொள்வான். பிறகு கால் கால் சுற்றாகத் திருப்புவான். அந்த நேரத்தில் யார் பேசினாலும் எரிந்து விழுவான். ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு ப்ளக்கைக் கழற்றிப் பார்ப்பான். கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம், செங்கல் நிறத்தில் இருந்தால் வேலை முடிந்தது.

அவன் செமாராங்கிலிருந்து வந்தவன். ஜாவாக்காரன் என்பதால் எல்லோருக்கும் 'மாஸ்'. மாஸ் என்றால் அண்ணன், அவ்வளவுதான், மிடுக்கு எதுவும் கிடையாது. அவன் பட்டறைக்கு ஒட்டினாற்போல் என் கடை. நான் கார் சீட்டு தைக்கிறேன். எங்கள் தமிழ் ஆட்கள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அந்தத் தெருவே என்னை 'அண்ணே' என்றுதான் கூப்பிடும்.

இங்கே வந்த பதின்மூன்று வருஷத்தில் அவன் பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சாகிவிட்டது. மற்ற ஊர்க்காரன் ரயிலுக்குச் சொல்கிற பெயரை மோட்டார் சைக்கிளுக்கு வைத்திருக்கிற ஊர் எங்களுடையது. இஞ்சினுக்கு ஊற்றுவதை ஆயில் என்போம். வெறுமனே எண்ணெய் என்றால் பெட்ரோல்தான். அவனும் அப்படியே பேசப் பழகிவிட்டான், ஒன்றைத் தவிர. அவன் அம்மா தையல்காரி. தையல் மெஷினுக்கு விடுகிற மெல்லிய எண்ணெயை அவர்கள் வீட்டில் எண்ணெய் என்றே சொல்வார்கள். அந்தச் சொல் மட்டும் அவன் நாக்கைவிட்டுப் போகவில்லை. ஸ்பாஞ்சு ஃபில்டரைக் கழுவிக் காயவைத்தால், தூசியைப் பிடிப்பதற்கு அதில் லேசாகப் பசை வேண்டும். அதற்கு என் தையல் மெஷின் எண்ணெய்தான் சரி என்பது அவன் கட்சி. "அண்ணே, எண்ணெய்" என்று கை நீட்டுவான், நானும் குப்பியைக் கொடுப்பேன்.

அவனிடம் கார் விடுகிறவர்களில் ஒருவர் மரோலோப். பாத்தா இனத்தவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், குரல் ஏழு வீட்டுக்குக் கேட்கும். அவருடைய எண்பத்தொன்றாம் வருஷத்துக் கொரோலா காருக்குப் புதிதாக ஸ்பாஞ்சு ஃபில்டர் மாட்டியிருந்தார். ஃபில்டர் மாற்றியதில் காற்று கூடிப்போய், கார் கார்புரேட்டர் வழியாகத் தும்ம ஆரம்பித்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பழைய கார்க்காரர்கள் எல்லோரும் பிராஸ்தாகி மலைக்குப் போவதாக ஏற்பாடு. கிளம்புவதற்கு முன் திருகிக்கொள்ளலாம் என்று வர்த்தோயோ அப்படியே விட்டிருந்தான். இது அவனுடைய முதல் தப்பு.

சனிக்கிழமை காலை, கழுவிய ஃபில்டருக்கு அடுத்து என்ன செய்வது என்று கேட்டு மரோலோப் வீட்டிலிருந்து போன் வந்தது. அவர் கையெல்லாம் கிரீஸ் என்பதால் மனைவி தியூர்மா பேசினாள். வர்த்தோயோ அப்போது என் கடையில்தான் உட்கார்ந்திருந்தான். அவன் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது.

"காஞ்சிருச்சா காக்? அப்ப லேசா எண்ணெய் போட்டு, நல்லாப் பிழிஞ்சு மாட்டிருங்க."

காக் என்றால் அக்கா; அவள் புருஷனை 'பாங்', அதாவது அண்ணன், என்பான். அக்காவும் அவன் சொன்னபடியே செய்தாள். ஓரமாக இருந்த பெட்ரோல் பாட்டிலை எடுத்து, ஸ்பாஞ்சை நனைத்து, தேங்காய்ப் பால் பிழிகிற மாதிரி பிழிந்து மாட்டினாள். மரோலோப் சாவியைத் திருகினார். கார் தும்மியது. தும்மலோடு வந்த பொறி, ஃபில்டர் காய்ந்திருந்தால் அதோடு அடங்கியிருக்கும். ஈரமான ஸ்பாஞ்சு குப்பென்று பிடித்துக்கொண்டது. தியூர்மாவின் கை அப்போதும் அதன் மேல்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் முழங்கை வரை கட்டுப்போட்டு உட்கார்ந்திருந்தாள். மரோலோப் அழுதுகொண்டே கத்தினார்.

"மாஸ், நீயே சொல்லு. ஆயில்னியா, எண்ணெய்னியா? இவ எண்ணெய்ங்கிறா."

"ஆயில்னுதான் பாங் சொன்னேன்" என்றான் வர்த்தோயோ.

தியூர்மா நிமிர்ந்து பார்த்தாள். "அப்படியா மாஸ்? எனக்கு எண்ணெய்னுல்ல கேட்டுச்சு."

"ஆயில்தான் காக்."

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதின்மூன்று வருஷப் பழக்கம், அதனால்தான் வாய் திறக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவனுக்குக் கெட்ட பேர் வந்தால் எனக்கு வருகிற கார்களும் நின்றுபோகும் என்பதும் மனதில் ஓடியது. அதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

கை ஆறத் தொடங்கியதும் மரோலோப்புக்கு அது வேடிக்கைக் கதையாகிவிட்டது. கல்யாண வீடு, சாவு வீடு, பன்றிக்கறிக் கடை என்று எங்கே நாலு பேர் சேர்ந்தாலும் ஆரம்பித்துவிடுவார். "எம் பொண்டாட்டி ஃபில்டரைப் பெட்ரோல்ல தாளிச்சாய்யா!" கூட்டம் சிரிக்கும். தியூர்மாவும் சிரிப்பாள். தானே சொல்லிச் சிரிக்கவும் பழகிக்கொண்டாள்.

அவள் சர்ச்சில் பெண்கள் பாட்டுக்குழுவுக்குச் சுருதி எடுத்துக் கொடுப்பவள். வாத்தியம் இல்லாமலே சரியான சுருதியைப் பிடிக்கிற காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, இனி வேறு யாராவது கொடுங்கள் என்று ஒதுங்கிவிட்டாள். காது டாக்டரிடம் போனதாகவும், அவர் ஒன்றுமில்லை என்று சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். "டாக்டர் என்னத்தைக் கண்டாரு, எங் காது கெட்டுப்போச்சு" என்று அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "போய்ச் சொல்லிட்டு வாடா" என்றேன் வர்த்தோயோவிடம்.

"சொன்னா அப்புறம் யாருண்ணே எங்கிட்ட காரைக் கொண்டாருவாங்க?"

"அப்ப அந்தம்மா காது?"

அன்றிலிருந்து எண்ணெய் என்ற சொல்லையே அவன் விட்டுவிட்டான். பெட்ரோலை ஜாவாக்காரர்கள் மாதிரி பென்சின் என்றான். என்னிடம் கேட்க வேண்டியிருந்தால் குப்பியை விரலால் காட்டுவான். வேலையும் கெட்டது. ஒரே திருகை நாலு தடவை மூடித் திறப்பான். மரோலோப்பின் காரை மட்டும் காசு வாங்காமல், ஒயர் ஒயராக மாற்றிக்கொண்டிருந்தான். அது பிராயச்சித்தம் என்று நினைத்தான்போல. எனக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது.

நாலு மாதம் கழித்துக் காரைக் கொண்டுபோய் மரோலோப் வீட்டு வாசலில் நிறுத்தினோம். சீட்டு மாட்ட நானும் போயிருந்தேன். என் பையில் நூல், ஊசி, எண்ணெய்க் குப்பி எல்லாம் இருந்தன. தியூர்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். கைத்தோல் வழவழவென்று இளஞ்சிவப்பாக மின்னியது. வர்த்தோயோ இஞ்சினைக் கிளப்பி, தலையைச் சாய்த்துக்கொண்டு, கால் சுற்று திருப்பினான். தும்மல் இல்லை. நாலு மாதத்துக்கு அப்புறம் அவன் முகத்தில் பழைய களை தெரிந்தது.

"ஸ்பாஞ்சுக்கு என்ன செய்யணும் மாஸ்? இந்தத் தடவை எங் காதாலயே கேட்டுக்கிறேன்" என்று மரோலோப் பெண்டாட்டியைப் பார்த்துக் கண்ணடித்தார்.

வர்த்தோயோவின் கவனமெல்லாம் சத்தத்தில் இருந்தது. திரும்பாமலே என் பக்கம் கையை நீட்டினான்.

"அண்ணே, எண்ணெய்."

நான் பையைத் திறந்து தையல் மெஷின் எண்ணெயை எடுத்து அவன் கையில் வைத்தேன். வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

தியூர்மா குப்பியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அவரு எண்ணெய்னாரு. நீங்க ஏண்ணே பெட்ரோலைத் தேடல?"

மரோலோப் சாவியைத் திருகி இஞ்சினை நிறுத்தினார். வர்த்தோயோ குப்பியோடு நின்றான். ஓடிவிடுவான் என்று நினைத்தேன், ஓடவில்லை.

"அன்னைக்கும் எண்ணெய்னுதான் காக் சொன்னேன்" என்றான். "உங்க காதுல விழுந்தது சரிதான்."

"அண்ணே, நீங்க?" என்றாள் தியூர்மா.

"பக்கத்துலதாம்மா இருந்தேன்" என்றேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. காப்பித் தம்ளர்களை ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைத்தாள். நாங்கள் இன்னும் குடித்திருக்கவில்லை.

"கை ஆறிருச்சு மாஸ்" என்றாள். "நாலு மாசமா ஒரு பாட்டை ஆரம்பிக்கப் பயந்துக்கிட்டுக் கிடந்தேனே, அதைத்தான் என்ன செய்யறதுன்னு தெரியல."

உள்ளே போகும்போது புருஷனிடம் நின்றாள். மரோலோப் தலையைத் தொங்கப் போட்டிருந்தார்.

"இனிமே அந்தக் கதையைச் சொன்னா முழுசாச் சொல்லுங்க."

அவர் அதற்கப்புறம் அதை எங்கேயும் சொல்வதில்லை. வர்த்தோயோவும் சொல்ல மாட்டான். ஆகவே, நான் சொல்லிவிட்டேன்.