ஒரு லைனுக்கு ஒரு டாய்லெட் கார்டு

இதை எழுத வேண்டும் என்று நினைத்து ஆறு வருடம் ஆகிறது. பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். பெண்கள் சிறுநீர் கழிக்கப் போகிற விஷயத்தை எப்படி எழுதுவது என்ற கூச்சம் பாதி. என் தப்பையும் சேர்த்து எழுத வேண்டுமே என்ற பயம் பாதி. நான் படித்ததும் மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, வரைதான். போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது, "இந்த வாரம் எழுதிவிடுகிறேன் தாயே" என்று மாரியம்மாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். இனி தள்ளிப்போட முடியாது.

1. கார்டு

மலேசியாவில் நியாலாஸ் என்ற எங்கள் ஊரிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் மலாக்காவுக்கு வந்து, எலக்ட்ரானிக் சாமான் பொருத்தும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தேன். கடைசி ஒன்பது வருடம் லைன் லீடர். என் லைனில் பதினெட்டு பெண்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். பதினெட்டு பேருக்கும் சேர்த்து டாய்லெட் போக ஒரே ஒரு கார்டு, சுவரில் ஆணியில் தொங்கும். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனவள் திரும்பினால்தான் அடுத்தவள் போகலாம். ஒருத்தி எழுந்தாலே அவள் இடத்தில் போர்டு குவியும், அவுட்புட் விழும். உடனே சூப்பர்வைசர் குணா வந்து நிற்பார்.

"என்னா லா இது, வேலைக்கு வந்தீங்களா, டாய்லெட்டுக்கு டூர் வந்தீங்களா?"

என் லைனில் மட்டும் கார்டு ஆணியை விட்டு அசையாது. அதற்கு என் யோசனைதான் காரணம். ஷிப்டுக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து தண்ணீர் தொடக்கூடாது. ரெஸ்ட் டைமில் இரண்டு வாய், அவ்வளவுதான். தொண்டை வறண்டால் 'அசாம் போய்' என்று கடையில் விற்கிற, உப்புப் போட்டுக் காயவைத்த புளிப்புப் பழம் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு மேலே மாஸ்க்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். புதிதாக வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் முதல் நாளே ஒரு பாக்கெட் நானே வாங்கிக் கொடுப்பேன். "தாகமே தெரியாது பாரு" என்பேன். மாதா மாதம் என் லைன்தான் முதல். அந்தப் பெருமையில் எனக்குக் கண் தெரியவில்லை.

இதில் கம்பெனி 'சுகாதார வாரம்' வேறு கொண்டாடியது. நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று மலாய் மொழியில் பெரிய போஸ்டர். அதை எங்கே ஒட்டினார்கள் தெரியுமா? அந்தக் கார்டு தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில்! ஆளுக்கு ஒரு தண்ணீர் போத்தல் பரிசு கொடுத்தார்கள். லைனுக்குள் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும்.

"லாக்கருக்குத் தாகம் எடுத்தா அதுவே குடிச்சுக்கும் லா, அக்கா" என்றாள் என் லைனில் இருந்த கஸ்தூரி. எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

2. கஸ்தூரி

கஸ்தூரி வேலைக்கு வந்து ஐந்து மாதம். கல்யாணமான புதுசு, மூன்று மாதக் கர்ப்பம். கம்பெனியில் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

ஒரு நாள் பஸ்ஸில் காதோடு காதாக, "அக்கா, ஒண்ணுக்குப் போறப்ப எரியுது" என்றாள்.

"உடம்பு சூடு. வெந்தயம் ஊற வச்சுச் சாப்பிடு" என்றேன். நமக்கு எல்லாமே சூடுதானே!

அடுத்த வாரம் முதுகு வலி என்றாள். பஸ் சீட்டுதான் காரணம் என்றேன். கோயில் திருநீறு கொண்டுவந்து பூசிவிட்டேன். அம்மன் மேல் எந்தக் குறையும் இல்லை. எரிச்சலாகவும் வலியாகவும் இரண்டு முறை அந்தத் தாய் எனக்குக் காட்டினாள், பார்க்காதது நான்.

மூன்றாவது வாரம் காலை பத்து மணிக்கு அவளுக்கு உடம்பு உதறியது. பல் கிட்டிக்கொண்டது. கையில் பிடித்த ஸ்குரூ தெறித்து விழுந்தது. குணா வந்து பார்த்துவிட்டு, "பனடால் மாத்திரை குடுங்க, மத்தியானம் வரைக்கும் பார்ப்போம்" என்றார். அன்றுதான் முதல் முறையாக அவரிடம் சத்தம் போட்டேன். அவர் காரிலேயே அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் நம் தமிழ்ப் பெண். சிறுநீரில் இருந்த கிருமி மேலேறி கிட்னிக்குப் போய்விட்டது, காய்ச்சல் இறங்காவிட்டால் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து என்றார். பிறகு கஸ்தூரியைக் கேட்டார்.

"வேலையில எவ்ளோ தண்ணி குடிப்பீங்க?"

"ரெண்டு வாய் டாக்டர்."

"பன்னண்டு மணி நேரத்துக்கா? யாரு சொன்னா இப்படி?"

அந்தக் காய்ச்சலிலும் கஸ்தூரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "எங்க லீடர் அக்காதான். ரொம்ப நல்லவங்க டாக்டர். இவங்க மட்டும் சொல்லிக் குடுக்கலன்னா எனக்கு என்னிக்கோ ஏச்சு விழுந்திருக்கும்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ஏங்க்கா, தண்ணி குடிச்சு அப்பப்ப போனாத்தான் கிருமி வெளிய போகும். நீங்க தண்ணியும் குடிக்க விடாம, அடக்கவும் வச்சு, மேல உப்புப் பழம் வேற குடுத்திருக்கீங்க."

வெளியே நாற்காலியில் உட்கார்ந்து கந்தசஷ்டி சொல்லப் பார்த்தேன். வரி மறந்துபோனது.

நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. பிள்ளையின் இதயம் துடிக்கிறது என்று ஸ்கேனில் பார்த்துச் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் என் வீட்டில் உலை வைத்தேன்.

3. கடைசி லைன்

திங்கட்கிழமை போனதும் கார்டை ஆணியிலிருந்து எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். யார் எழுந்தாலும் அவள் இடத்தில் நான் உட்கார்ந்தேன். ரெஸ்ட் டைமில் ஆளுக்கு ஒரு பெரிய கப் தண்ணீர், என் கண் முன்னால் குடிக்க வேண்டும். குணாவை விட இந்தப் பெண்களிடம்தான் எனக்குத் தொண்டை கிழிந்தது.

"வேணாங்க்கா, பழகிப்போச்சு."

"என்னாடி பழகிப்போச்சு? கிட்னியைக் கேட்டியா?"

"அக்கா, நீங்கதானே அப்ப சொன்னீங்க?"

"தப்பா சொன்னேன், குடி" என்றேன். பதினெட்டு பேரிடமும் அதைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

மாதக் கடைசியில் குணா வந்தார். "கார்டு எங்க? உங்க லைன்தான் கடைசி, தெரியுமா?"

"தெரியும் சார். கார்டு என் பையில இருக்கு. ரிப்போர்ட்ல என் பேரை எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார். வார்னிங் லெட்டரும் வந்தது. ஓய்வு பெறும் வரை என் லைன் முதலாவதாக வரவேயில்லை.

கஸ்தூரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆனால் அந்தக் காய்ச்சல் பிறகும் இரண்டு முறை திரும்பி வந்தது. வேலையை விட்டுவிட்டாள். இன்றும் மாதம் தவறாமல் கிளினிக் போகிறாள். நான் கற்ற பாடம் இவ்வளவுதான்: தாகம் எடுத்தால் குடியுங்கள், வந்தால் போங்கள், இரண்டுக்கும் யாரிடமும் கூச்சப்படாதீர்கள். கிட்னி, இதய நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவில் குடியுங்கள்.

இதைக் கோயில் மகளிர் கூட்டத்தில் ஒரு முறை சொன்னேன். ஒரே வாரத்தில் கதை வாட்சப்பில் எனக்கே திரும்பி வந்தது. வெந்நீர் குடித்தால் இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், தீரும் என்று யாரோ சேர்த்திருந்தார்கள். சிறுநீர் என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். குணாவை அரக்கனாக்கி, என்னை அந்தப் பெண்ணைக் காப்பாற்றிய தெய்வமாக்கியிருந்தார்கள். படித்து அழுதேன்.

தயவுசெய்து இதை உங்கள் பிள்ளைகளுக்கு, தங்கைகளுக்கு, தொழிற்சாலைக்குப் போகிற எல்லாருக்கும் கொடுங்கள். ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் கொடுங்கள். கார்டை மாட்டியது கம்பெனி. குடிக்காதே என்று சொன்னது நான். அந்த வரியை எடுத்துவிடாதீர்கள்.