மரமேறும் கதிரை

அந்தக் கோடை முழுக்க என் மேசையில் பாடப் புத்தகங்களுக்கு மேலே வேட்டைக் கடைகளின் காட்டலோக்குகள், படம்போட்ட விலைப் புத்தகங்கள், கிடந்தன. ஒரு பக்கத்தில் பேனாவால் வட்டம் போடுவேன். தேநீர் குடித்துவிட்டு வந்து அதை வெட்டிவிட்டு வேறொரு பக்கத்தில் வட்டம் போடுவேன். வாங்க வேண்டியது ஒரேயொரு இருக்கைதான். அதைக்கொண்டு மரத்தில் ஏறி, மேலேயே அமர்ந்து, மான் வரும்வரை அசையாமல் இருக்க வேண்டும். அசையாமல் இருப்பது எனக்குச் சிறுவயதிலிருந்தே வராத காரியம். திரையரங்கில்கூட இடைவேளைக்கு முன் இரண்டு தடவை எழும்பிப் போய் வருவேன்.

நான் ஃப்ரைபுர்கில் வனவியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். உயர்பள்ளியை முடித்த முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. படிப்போடு வேட்டைக்கான பரீட்சையையும் எழுதித் தேறியிருந்தேன். அந்தப் பரீட்சையை இங்குள்ளவர்கள் பகிடியாகப் 'பச்சை அபிட்டூர்' என்பார்கள். அதைக் கேள்விப்பட்ட அம்மா, உயர்பள்ளி முடிவில் எடுத்த அபிட்டூர் பரீட்சை செல்லுபடியாகவில்லையாக்கும் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். விஷயம் துவக்கால் சுடுவது பற்றியது என்று விளக்கியதும் மூன்றாம் நாளும் சாப்பிடவில்லை. துவக்குகளிடமிருந்து தப்பித்தானே அவர் இந்த நாட்டுக்கு வந்தார்.

விடுமுறையில் நான் வேலை செய்த காடு ஷ்வார்ஸ்வால்டின் வடக்கு ஓரத்தில், ஸ்டுட்கார்ட்டிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து காரில் போய்வரக்கூடிய தூரத்தில் இருந்தது. அங்கே ஒரு சரிவில் புதிதாக நட்ட கன்றுகளின் நுனிகளையெல்லாம் மான்கள் கடித்துக்கொண்டிருந்தன. அந்த இலையுதிர்காலத்தில் அச்சரிவில் வேட்டையாட எனக்கு அனுமதி தருவதாக வன அதிகாரி சொன்னார். துவக்கும் இரவல் தருவார். ஒரே ஒரு நிபந்தனை. அங்கே பரண் கிடையாது, கட்டவும் முடியாது. மரத்தில் ஆணி அடிக்க விடமாட்டார். ஏறும் இருக்கை ஒன்றை நானே கொண்டுவர வேண்டும். செப்டம்பருக்குள் கொண்டுவராவிட்டால், அந்தச் சரிவைக் கேட்டுக்கொண்டிருந்த இன்னொரு மாணவனுக்குக் கொடுத்துவிடுவார். அந்த மாணவனின் தகப்பன், பாட்டன் எல்லோரும் வேட்டைக்காரர்கள். அவனுக்கு அது இன்னொரு சரிவு. எனக்கு அது ஒன்றுதான்.

அங்கே தங்கியிருந்த அறையிலிருந்து வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து இதையெல்லாம் மூச்சுவிடாமல் அம்மாவிடம் ஒப்பித்தேன். அந்த இருக்கைக்கு ஜெர்மன் மொழியில் பெயர் உண்டு. அம்மாவுக்கு அது விளங்காது. எனவே நானே தமிழாக்கினேன்.

"மரமேறுற கதிரை ஒண்டு வாங்கப்போறன், அம்மா."

அம்மா தாழ்ந்த குரலில், அந்தச் சொல்லை அப்பாவுக்கு முன்னால் சொல்லிப்போடாதே என்றார்.

எந்தச் சொல்லை என்று கேட்டேன். வெகுநேரம் மழுப்பிவிட்டுத்தான் சொன்னார். அப்பாவின் தகப்பனார் பனையேறிக் கள் இறக்கியவர். அது எனக்குத் தெரியும். அதில் என்ன இருக்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தெரியாதது மற்றது. பள்ளிக்கூடத்தில் அப்பாவுக்குப் பெயரே இருக்கவில்லையாம். 'மரமேறி' என்றுதான் கூப்பிட்டார்களாம். பிள்ளைகள் மட்டுமல்ல, வாத்தியாரும். ஐந்தாம் வகுப்போடு அப்பா புத்தகத்தை எறிந்துவிட்டு வந்தது அதனால்தான். யுத்தத்தால் படிப்பு நின்றது என்று அவர் எனக்குச் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் அந்த வசந்தத்தில் நடந்த ஒன்று எனக்குச் சரியாக விளங்கியது. ஒரு பிறந்தநாள் விழா மண்டபத்தில், அப்பாவுக்கு ஊரிலிருந்தே பழக்கமான ஒரு மாமா என் படிப்பைப் பற்றி விசாரித்தார். காட்டைப் பற்றிய படிப்பு என்று பெருமையாகச் சொன்னேன். அவர் கையில் பாதி கடித்த ரோல்ஸோடு அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"மரமேறப் படிப்பிக்கவோ அண்ணை, இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல பகிடி என்றுதான் நினைத்தேன். அப்பா தண்ணீர் எடுத்து வருவதாக எழும்பிப் போனவர், மண்டபத்தை விட்டுப் புறப்படும்வரை காருக்குள்ளேயே இருந்தார். அந்த மாமா தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்திருக்கும்.

அதன்பிறகு காட்டலோக்கைத் திறந்தால் எழுத்தில் கண் ஓடவில்லை. அறைக்குள் நடந்தேன். சரிவை விட்டுவிடலாமா என்று ஒரு பகல் முழுக்க யோசித்தேன். மாலையில், ஏன் விட வேண்டும் என்று கோபம் வந்தது. யார்மீது கோபம் என்றுதான் பிடிபடவில்லை.

எனக்கு அப்போது கார் ஓட்டும் லைசென்ஸ் இல்லை. ஒரு சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன்; கடை நகரத்துக்கு வெளியே இருந்தது. அப்பாதான் கூட்டிப்போக வேண்டும். பேக்கரித் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்த கையோடு காரை எடுத்தார். கடை வாசலில் நிறுத்திவிட்டுத்தான் சொன்னார்.

"ஏணி வாங்கு, பிள்ளை. நல்ல ஏணியாப் பாத்து வாங்கித் தாறன்."

அம்மா சொல்லியிருக்கிறார் என்று விளங்கியது. அந்தச் சரிவில் ஏணிப் பரணைக் கொண்டுபோய் நிறுத்த முடியாது என்றேன். கனம், ஒரு ஆளால் தூக்க முடியாது, மான்கள் வழியை மாற்றினால் கூடவே மாற்றவும் முடியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஏணிதான் பாதுகாப்பு என்றார். நான் விழுந்துவிடுவேன் என்ற பயம்போலத்தான் அவர் குரல் இருந்தது. இருவரும் அந்தப் பயத்தைப் பற்றியே பேசினோம். மற்றதைத் தொடவில்லை.

கடைக்காரர் உயரமான, பொறுமையான மனிதர். முதலில் அப்பாவிடம்தான் பேசத் தொடங்கினார். வேட்டைக்காரி நான்தான் என்றதும் மன்னிப்புக் கேட்டு என் பக்கம் திரும்பினார். அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு ஏணிப் பரண்கள் இருந்த மூலையில் போய் நின்றார்.

கடைக்காரர் இரண்டு இருக்கைகளை மேசையில் வைத்தார். இரண்டும் ஒரே மாதிரித்தான் வேலை செய்யும். மேலே ஒரு சட்டம், உட்காருவதற்கு. கீழே ஒரு சட்டம், நிற்பதற்கு. இரண்டையும் தனித்தனியே மரத்தைச் சுற்றிப் பூட்ட வேண்டும். கீழ்ச்சட்டத்தில் நின்றபடி மேற்சட்டத்தை உயர்த்தி அதில் அமர வேண்டும். அமர்ந்தபடி கீழ்ச்சட்டத்தைப் பாதங்களால் கொளுவி மேலே இழுக்க வேண்டும். மயிர்க்கொட்டிப் புழு ஊர்வதைப்போல.

ஒன்றுக்கு முன்பக்கம் தடி இருந்தது, துவக்கைச் சாய்த்து வைக்க. விழமாட்டோம் என்ற தைரியத்தையும் அது தரும். ஆனால் உட்கார்ந்து பார்த்தால் தடி என் நாடிக்கு நேரே வந்தது. உயரமான ஆண்களுக்காகச் செய்தது அது. மற்றதற்கு முன்பக்கம் திறப்பு. இலேசானது. சங்கிலிக்குப் பதிலாக ரப்பர் சுற்றிய கம்பிவடம், சத்தம் வராது. ஆனால் முன்னால் பிடிக்க ஒன்றுமில்லை. இதிலும் அதிலும் மாறி மாறி உட்கார்ந்தேன். கடைக்காரர் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு, பின்முற்றத்தில் ஒரு மரத்தண்டு நட்டிருக்கிறது, ஏறியே பாருங்கள் என்றார்.

இலேசானதை எடுத்தேன். அவர் என் இடுப்பில் பாதுகாப்பு வாரைப் பூட்டிவிட்டு, இரண்டு சட்டங்களையும் ஒரு கயிற்றால் இணைக்கச் சொன்னார். யாரோ கூப்பிட, நிமிடத்தில் வருவதாக உள்ளே போனார். எனக்குக் காத்திருக்க ஏலவில்லை. அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மறுபடியும் ஏணி என்று சொல்வதற்கு முன் ஏறிவிட வேண்டும்போல் இருந்தது. ஏறினேன்.

நன்றாகவே ஏறியது. நிமிர், உயர்த்து, இரு, இழு. ஓர் ஆள் உயரத்தைத் தாண்டியதும் கால் ஒருமுறை வழுக்கியது. கீழ்ச்சட்டம் பாதத்திலிருந்து கழன்று மரத்தோடு உராய்ந்துகொண்டு கீழே போய்விட்டது. கயிற்றை நான் கட்டவேயில்லை. மேற்சட்டத்தில் அமர்ந்தபடி கால்களைக் காற்றில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பா ஓடிவந்தார். கீழே கிடந்த சட்டத்தை இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கி, மரத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்தார்.

"காலை வை."

வைத்தேன். என் பாரம் முழுவதும் அவருடைய கைகளில் இருந்தது. சட்டத்தின் பற்கள் மரத்தைக் கவ்விய பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.

"இறங்கு, பிள்ளை. காணும்."

"ஏறத்தான், அப்பா, வந்தனான்."

அவர் அண்ணாந்து என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். நெற்றியில் மாவு இருந்தது. வேலையிலிருந்து முகம்கூடக் கழுவாமல் வந்திருக்கிறார். பிறகு திரும்பி வந்த கடைக்காரரிடம் தன்னுடைய ஜெர்மன் மொழியில், கயிறு வேண்டும், இது மெல்லிசு, காணாது, மொத்தமான கயிறு என்றார். கயிற்றைத் தானே வாங்கி என்னிடம் நீட்டினார். நான் குனிந்து இரண்டு சட்டங்களையும் கட்டி, மறுபடி ஏறினேன். தண்டின் உச்சிவரை. ஏணியைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை. இருக்கையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினோம். அப்பாவுக்கு அது சம்மதமா, தோல்வியா என்று தெரியாமல் சீட் பெல்ட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன்.

செப்டம்பரின் முதல் சனிக்கிழமை பின்னேரம் அவர்தான் என்னைக் காட்டுக்குக் கொண்டுபோனார். சரிவின் அடியிலுள்ள காட்டுப் பாதையில் காரை நிறுத்திவிட்டு, பத்திரிகை வாசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். நான் இருக்கையை முதுகில் சுமந்து நேரான ஊசியிலை மரமொன்றைத் தேர்ந்து ஏறினேன். கயிற்றை மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். கீழே வைத்திருந்த வெறும் துவக்கை இன்னொரு கயிற்றால் மேலே இழுத்து, குண்டு போட்டேன்.

பிறகு இருக்க வேண்டும். அதுதான் கடினம். மூக்கு அரித்தது. கால் மரத்தது. அணில் ஒன்று என்னைப் பார்த்து ஏசியது. வெளிச்சம் குறையக் குறைய, இறங்கிப் போய்விடலாமா என்று ஒவ்வொரு கணமும் தோன்றியது. அப்போது கன்றுகளுக்கு நடுவே ஒரு மான் நின்றது. வந்ததை நான் காணவில்லை. பெண் மான், இளையது. துவக்கைத் தோளில் வைத்தேன். ஆனால் பின்னால் குட்டி வருகிறதா என்று உறுதியாகும்வரை சுடக்கூடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். குட்டி வரவில்லை. விரலை விசைக்குக் கொண்டுபோனேன்.

கீழே பாதையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. கைபேசியில் பேசும்போது அவர் எப்போதும் கத்தித்தான் பேசுவார், அது அடுத்த தெருவுக்கென்றாலும். காடு அந்த நேரம் அவ்வளவு அமைதியாக இருந்ததால் ஒவ்வொரு சொல்லும் மேலே வந்தது.

"ஓம், ஓம். மகளோடை வந்தனான். அவள் மரத்திலை நிக்கிறாள்." சற்று நேரம் எதிர்முனையைக் கேட்டார். பிறகு முன்னதைவிட உரக்கச் சொன்னார். "ஓம், மரத்திலைதான். என்ரை பிள்ளை மரமேறிதான். துவக்கோடை ஏறியிருக்கிறாள்."

மான் தலையை நிமிர்த்தி நாயைப்போல ஒருதடவை குரைத்தது. வெள்ளைப் பின்புறம் இரண்டு துள்ளலில் மறைந்துவிட்டது.

குண்டை எடுத்துவிட்டுத் துவக்கைக் கீழே இறக்கி, நானும் இறங்கி வந்தேன். அப்பா கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு காரில் சாய்ந்து நின்றார்.

"சத்தம் கேக்கேல்லை. சுடேல்லையோ?"

"நீங்கள் கத்தினதிலை ஓடிட்டுது." இருக்கையின் வாரைத் தளர்த்திக்கொண்டே கேட்டேன். "ஆரப்பா எடுத்தது?"

"அவன்தான். மண்டபத்திலை பகிடி விட்டவன்."

இருக்கையை என் முதுகிலிருந்து கழற்றிக் காரின் பின்பெட்டியில் தானே வைத்தார். அவிழ்ந்து தொங்கிய கயிற்றைச் சுருட்டி அதன்மேல் வைத்தார். கதவைச் சாத்தப் போனவர் நின்று, நாளைக்குத் தனக்கு வேலை இல்லை, கைபேசியை வீட்டிலேயே விட்டுவிட்டு மறுபடி வரலாம் என்றார்.