யாரு எழுதிக் குடுத்தா?

இரண்டு வருடங்களுக்கு முன், போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரியிடம் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது நடந்தது இது. அவர் வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புபவர். அங்கிருந்து வரும் மெயில்களுக்கு ஆங்கிலத்தில் பதில் போடுவதும் என் தலையில்தான். நானோ தமிழ் வழியில் படித்தவள். இறந்தகாலம், எதிர்காலம் எல்லாம் கலந்தடித்துவிடும். நேற்று போன சரக்கை நாளை அனுப்புவோம் என்று எழுதிவிடுவேன்.

ஒருநாள் முதலாளியின் மருமகன் என் மெயில் ஒன்றைப் படம் பிடித்து, தப்புகளுக்குச் சிவப்பு வட்டம் போட்டு, ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள். காய் பொறுக்கித் தரம் பிரிக்கும் பெண்கள் வரை பார்த்தாயிற்று. எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. முதலாளிதான் கூப்பிட்டு, "இங்கிலீஷை மட்டும் சரி பண்ணிக்க ஆத்தா. ஏத்துமதிப் பொறுப்பை உங்கிட்டயே குடுத்துர்றேன்" என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

என் கணவர் போடிமெட்டுக்கு மேலே தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பு ஓட்டுகிறார். சாயங்காலம் அவர் வந்ததும், மலையில் என்ன நடந்தது, நாளைக்கு எந்தத் தோட்டம் என்று கேட்டுக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுவேன். மேட்டில் மழை, வளைவில் லோடு வண்டி நின்றுபோனது, இப்படி ஏதாவது. பிறகு இலக்கணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அடித்து அடித்துத் திருத்துவேன். எத்தனையோ நாள் குழம்பு அடிப்பிடித்திருக்கிறது. "வண்டி ஓட்டுறதுகூடப் பரவால்ல புள்ள, ஒனக்கு வாக்குமூலம் குடுக்குறதுதான் பெரிய சோலியா இருக்கு" என்பார். ஆனால் ஒருநாளும் சொல்லாமல் இருந்ததில்லை.

ஒரு வருடம் போனது. என் மெயில்களில் தப்பு நின்றது. கொஞ்சம் திமிரோடுதான் பொறுப்பைக் கேட்க முதலாளி அறைக்குப் போனேன். மருமகனும் அங்கே இருந்தார்.

"யாரு எழுதிக் குடுத்தா? போனுல ஏஐகிட்டப் போட்டு எடுத்ததுதான?" என்றார் மருமகன்.

"நாந்தாண்ணே எழுதுனேன்."

ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "அப்ப இங்கனயே எழுதிக் காட்டு."

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றுகொண்டே, முந்தின நாள் மலைப்பாதையில் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் படிக்கவே இல்லை. போனில் படம் எடுத்து, போனிடமே சரியா என்று கேட்டார். தப்பில்லை என்றது போன்.

முதலாளி தாடையைத் தடவினார். "நல்லாத்தான் எழுதியிருக்க ஆத்தா. ஆனா இதைத்தான் இப்ப போனே செய்யுதே. இதுக்குன்னு தனியா ஒரு ஆளு எதுக்கு? மாப்ளையே பாத்துக்கிடட்டும். நீ கணக்கைப் பாரு."

"தப்பா எழுதுனப்ப மட்டும் அது நான் எழுதுனது. சரியா எழுதுனா போனு எழுதுனதா?" என்று கேட்டேன். அந்த மாதத்தோடு நின்றுகொண்டேன்.

இப்போது வேறொரு கடையில் தமிழில் கணக்கு எழுதுகிறேன். படித்தது வீண்போகாது என்று யாராவது ஆறுதல் சொன்னால் எரிச்சல்தான் வருகிறது. சாயங்காலம் வந்ததும் கணவர் பழக்கதோஷத்தில், "இன்னைக்கு மேட்டுல..." என்று ஆரம்பிப்பார். நான் பேனாவை எடுப்பதில்லை. அந்த ஆங்கிலம் என்னுடையதுதான் என்று சந்தேகமே இல்லாமல் நம்புகிற ஒரே மனிதர் அவர்தான். அவருக்கு அதில் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கசந்துபோகிறது.